கடைமடைக்காரர்கள்

நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரின் பாபடோயிட்டோய் மளிகைக்கடையில் இன்று யாரோ கைதவறி உடைத்த கடுகெண்ணெய்ப் புட்டியின் நெடி மூக்கைக் காந்த, தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த மவுண்ட் ரோஸ்கில் வீட்டுப் பின்பக்கம் நினைவில் திரும்பி வந்தது: எங்களுக்கும் பங்களாதேஷிலிருந்து வந்த ரஃபீக் அங்கிளுக்கும் பொதுவான மரவேலி, அங்கிருந்து கடுகெண்ணெயில் மீன் வறுபடும் மணம், இந்தப் பக்கம் அப்பாவின் கத்தரிப் பாத்தி. இப்போது அங்கே வரிசையாக மாடிவீடுகள்.

காவிரிக் கடைமடையில் பிறந்த அப்பா, ஊரிலிருந்து போன் வந்த ஞாயிறுகளில், செடிக்குத் தண்ணீர் விட்டபடியே கர்நாடகத்தைத் திட்டுவார். "அவனுக்குப் போக மிச்சந்தான் நமக்காம்! ஆறு என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா?"

வேலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் அங்கிள் ஒருநாள் தன் ஆற்றைப் பற்றிச் சொன்னார். எல்லைக்கு மேலே கங்கையில் அணை வந்தபின் கோடையில் பத்மா மணல்காடாகிவிடுவதை, படகுத்துறையில் மாடு மேய்வதை, கடல் உப்பு வயல்வரை ஏறுவதை.

"அணை உங்க நாட்டுலதான் இருக்கு, பிரதர்."

"எங்களுக்கும் தேவை இருக்கே" என்றார் அப்பா சட்டென்று. "எங்களுக்குப் போக மிச்சத்தைத்தானே விடமுடியும்?"

சொன்ன பிறகுதான் அது அப்பாவின் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். பாத்தி நிரம்பி, வேலிக்கடியில் அங்கிளின் பக்கம் தண்ணீர் வழியத் தொடங்கியும் அப்பா குழாயை மூடவில்லை.