பெயரில்லாத மடு

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். வாதாட நான் வரவில்லை. 1967 ஐப்பசியில், மூதூர்ப் பக்கத்துச் சதுப்பில், இந்தக் காதுகளால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு நில அளவைக் கந்தோரில் வேலை. வரைபடத்துக்காக இடப்பெயர்களை விசாரித்துப் பதிவது என் பொறுப்பு. மனைவி ஞானமலர் திருகோணமலை ஆசுபத்திரியில் இருந்தாள். எட்டாம் மாதம், காலெல்லாம் வீக்கம். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். இதுவாவது தங்க வேண்டுமே என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தேன். எப்போது வேலை முடியும், எப்போது ஓடலாம் என்றுதான் இருந்தது.

மீன்பிடிக்கிற அபூதாஹிர் காக்கா கம்பூன்றி வள்ளத்தைத் தள்ளினார். ஒவ்வொரு மடுவாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். றஊப் மடு. ஸல்ஹா மடு. பேணாட் மடு. எல்லாம் ஆட்களின் பெயர். செத்தவர்களின் நினைவாக வைத்ததா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. பேர்தான் முதல்ல. மடுவுக்குள்ள ஒரு பேரைக் கூப்பிடுறது கேக்கும். அதையே நாங்க வெச்சிருவம். ஆள் பொறகுதான் வரும்."

"வந்து?"

"மௌத்தாகும்."

பெயர்க்காரர் வந்து சாவாராம்! மனுசன் நல்லாகக் கதை விடுகிறார் என்று சிரித்தேன்.

கடைசி மடுவுக்குப் பெயர் இல்லை என்றார். மணி ஐந்தே கால். தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. காற்று இல்லை. ஆனால் பன்புல் அசைந்தது...

"சீலா..."

பெண் குரல். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, ஆசையாக.

"சீலா..."

இப்போது வள்ளத்துக்குக் கீழே.

காக்கா கம்பை ஊன்றி வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார்.



கரையில் ஏறிய பிறகுதான் அவர் வாய் திறந்தார். எனக்குச் சீலா என்று ஆராவது இருக்கிறார்களா என்று கேட்டார். சொந்தத்தில் ஒருவரும் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரம் எனக்கு அப்படியொரு நிம்மதி.

மறுநாள் காலை லாஞ்சில் வந்து ஆசுபத்திரிக்கு ஓடினேன். முதல்நாள் பின்னேரமே பெண்பிள்ளை பிறந்திருந்தது. உயிரோடு! அழுதேவிட்டேன். பிள்ளை பலவீனம் என்று சுவாமியாரைக் கூப்பிட்டு, அப்போதே ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார்களாம்.

துணியை விலக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

பெயரை ஞானமலரே சொன்னாள்.

"சீலா. நீங்களும் பக்கத்தில இல்லை, எனக்கு ஒரு பேரும் ஓடேல்லை. சன்னலுக்கு வெளியில ஆரோ ஒரு பொம்பிளை தன்ர பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டவ. கேக்க வடிவா இருந்தது. அதையே வைச்சிட்டன்."