மகிமா விட்ட ஏலம்

காசிமேடு துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர்களில் மகிமாவும் ஒருத்தி. வாங்கியவர் பணம் தராமல் போனால் படகுக்காரருக்கு ஏலம் விட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் விலை கேட்பவரின் வாயைவிட முகத்தையே அவள் அதிகம் பார்ப்பாள். கையில் காசில்லாத மீன்காரிகள் துணிந்து விலையை ஏற்றும்போது, தங்களை அறியாமல் காதுக் கம்மலைத் தொட்டுக்கொள்வார்கள். அடகுக் கடைக்குப் போகப்போகிற கம்மல் அது. அதைக் கண்டால் மகிமா ஏலத்தை அதற்குமேல் இழுக்க மாட்டாள்.

இந்த ஜாக்கிரதையை அவள் தன் சபையின் கோயிலுக்குள் கொண்டுவந்ததில்லை. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று சபையார் படைக்கும் காய், கோழி, மீன் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் அவள்தான் ஏலம் விடுவாள். எடுத்தவர் பொருளை மறுபடி மேசையில் வைப்பார்; அது இன்னொரு முறை விலை போகும். ஆண்டவருக்குக் கொடுப்பதில் அளவு எதற்கு என்பது அவள் எண்ணம். யாரை யாரோடு மோதவிட்டால் விலை ஏறும் என்பதும் அவளுக்குத் தெரியும். சபையார் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அதில் பக்தி எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கோயிலின் முன்மண்டபமும் தரைக்கல்லும் அப்படி வந்தவைதான்.

சென்ற ஆண்டு மழையில், பிள்ளைகள் வேதம் படிக்கும் ஓய்வுநாள் பள்ளியின் கூரை ஒழுகியது. இந்த ஆண்டு ஏலத்தில்தான் புதுக் கூரை வந்தாக வேண்டும் என்று சபைப் பொருளாளர் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் சொன்னார். மகிமாவும் தலையாட்டினாள்.

ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்கு, ஐஸ் கம்பெனி நடத்தும் ஆரோனும் படகில் கூலிக்குப் போகும் டில்லிபாபுவும் போட்டியிட்டார்கள். டில்லிபாபு சற்றுத் தயங்கியபோது மகிமா வழக்கம்போல் சீண்டினாள்.

“இன்னா நைனா, அலைக்கு அசையாதவன் பூசணிக்கு ஒதுங்குற?”

கூட்டம் சிரித்தது. அவன் ஒரேயடியாக விலையை ஏற்றினான். ஆரோன் அதற்கும் மேலே போனார்.

அப்போதுதான் மகிமாவின் கண் பெண்கள் பக்கம் போனது. டில்லிபாபுவின் மனைவி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கை காதில் இருந்தது.

டில்லிபாபு மறுபடி வாய் திறப்பதற்குள் மகிமா மூச்சுவிடாமல் மூன்று தரம் சொல்லி, காயை ஆரோன் கையில் கொடுத்தாள். மேசையில் வைக்க வேண்டாம், வீட்டுக்கே எடுத்துப் போங்கள் என்றாள்.

“இன்னாக்கா, நான் கேட்டுகினு கீறப்பவே முடிச்சுட்ட. என் காசு செல்லாதா?” என்றான் டில்லிபாபு.

“செல்லும்டா. அது உன் காசு இல்லியே.”

அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

அதன்பின் ஏலம் சூடு பிடிக்கவில்லை. மகிமாவுக்கும் யாரையும் சீண்ட நா எழவில்லை. கூரைக்குப் பணம் போதவில்லை. அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார் பொருளாளர். ஏழை கொடுக்க வந்ததைத் தடுக்க இவள் யார் என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் டில்லிபாபு, படகுக்காரரிடம் கேட்டு வாங்கிய பழைய தார்ப்பாயோடு வந்தான். பள்ளிக் கூரைமேல் ஏறி, படகில் போடும் முடிச்சுகளைப் போட்டு இழுத்துக் கட்டினான். மகிமா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இறங்கும்போது, “கெட்டியா புடிக்கா” என்றான்.