கோட்டுக்கு மேல் ஒரு துண்டு

மடித்த ஓரத்தை இடது கை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையில் கோணி ஊசி. மடிப்புக்குள் பழைய நூல்புடவையின் கரை நாடாவாக ஓடியது. ஊசி பேனரைத் துளைத்து, கரையில் ஒரு நொடி நின்று, கட்டைவிரல் தள்ளியதும் மறுபக்கம் தலைகாட்டியது. சணலை இழுத்துவிட்டு, அடுத்த துளைக்கு விரல் அகலம் இடம் விட்டன கைகள். நெருக்கித் தைத்தால் பேனர் துளை வரிசையிலேயே கிழிந்து வந்துவிடும். இழுப்பைத் தாங்க வேண்டியது உள்ளே இருக்கும் துணி. பேனர் தண்ணீரைத் தடுத்தால் போதும்.

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அமிர்தவல்லி முதலில் தைத்த பேனர் பைகள் ஒரு மழைக்குக்கூட நிற்கவில்லை. கிழிந்தவற்றைத் திருப்பி வாங்கி வந்து, எங்கே கிழிந்தது, ஏன் அங்கே கிழிந்தது என்று பார்த்துப் பார்த்துப் பிடித்த முறை.

செஞ்சியில் திண்டிவனம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் வீடு. அக்கம்பக்கத்தில் பழசு என்று ஒதுக்கியதெல்லாம் அங்கே வந்து வேறொன்றாகித் திரும்பும். சிமென்ட் சாக்கு காய்கறிப் பையாகும். நைந்த புடவையை முறுக்கிச் சுருட்டினால் மிதியடி. பிள்ளைகள் கிழித்த ஜீன்ஸ் பேண்ட்டில் சுடுபாத்திரம் பிடிக்கும் துணி. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் கட்டிய பேனர்கள் அவிழ்ந்ததும் பைக்குக்கு உறையாகும், பள்ளிக்கூடப் பைக்கு மழைக்கோட்டாகும்.

பேனரில் அவருக்குச் சில கண்டிப்புகள் உண்டு. முகத்தில் ஊசி ஏறக்கூடாது. கண்ணின் குறுக்கே மடிப்பு விழக்கூடாது. படம் எப்போதும் உட்பக்கம். "பையப் பாத்துட்டு நீ எந்தக் கட்சின்னு பஸ் ஸ்டாண்டுல எவனும் கேக்கக்கூடாது" என்பார். பேனரில் மிதியடி தைத்துக் கேட்பவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்த வேலைக்கு வருமுன் அவர் நெல் விற்பனைக்கூடத்தில் மூட்டை தைத்தவர். தை, மாசியில் களம் முழுக்க நெல் குவிந்து கிடக்கும். எடை போட்ட மூட்டைகள் வாய் திறந்து வரிசையில் நிற்கும். குனிந்த முதுகை நிமிர்த்தாமல் வரிசையின் கடைசிவரை தைத்துக்கொண்டே போவார். இன்றைக்கும் நெல் வாசனை போகாத ஒரு சாக்கு கையில் பட்டால் அந்தக் களத்தின் சத்தமெல்லாம் அவருக்குக் கேட்கும். எடை சொல்கிறவரின் ராகம், பின்னால் வரும் லாரியைக் கிளீனர் தட்டும் தட்டு, மூட்டை தூக்குகிறவர்களின் கிண்டல்.

கிண்டலில் முதல் ஆள் பொன்னுசாமி. மூட்டையை முதுகில் ஏற்றுமுன் அதன் வாயைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவார்.

"இன்னா அமிர்தம், மூட்டை தைக்கிறியா, பூ கட்டுறியா? தொட்டாலே அவுந்துடும்போல இருக்குது."

"அவுந்தா உன் தலைமேலதான் கொட்டும். தூக்குண்ணே."

ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. ஒருநாளும் அவர் உலுக்காமல் தூக்கியதுமில்லை.

அந்தப் பொன்னுசாமிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஒரு சனிக்கிழமை, அவருடைய மகள் கலைச்செல்வி பெரிய பேனர்ச் சுருளை அணைத்துக்கொண்டு அமிர்தவல்லியின் வீட்டுக்குள் நுழைந்தாள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏற வேண்டும்.

"அத்தே, இத உள்ள வெச்சுக்கோங்க. இளவரசன் வந்து கேட்டா இல்லன்னு சொல்லிடுங்க."

"இன்னாடி இது, திருட்டுப் பொருளா?"

"நைனா" என்று சொல்லிச் சுருளைப் பிரித்தாள்.

பஸ் ஸ்டாண்டு முனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர். மேல்பாதியில் ஒருபக்கம் பொன்னுசாமி, முகம் மட்டுமே ஒரு முறம் அளவு. மறுபக்கம் பூவும் குத்துவிளக்கும். நடுவில் எழுத்து. அதற்குக் கீழே, அவள் தம்பி இளவரசனின் நண்பர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டு வருந்தியபடி வரிசையாக.

பிரித்து முடிப்பதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது. இளவரசன்தான்.

"அக்கா, மாட்டுக் கொட்டா ஒழுவுது. மழை இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. பேனரைத் தூக்கினு இங்க வந்துட்டியா?"

"நைனா மூஞ்சிமேல காக்கா எச்சம் போடணுமாடா?"

"கூரைமேலதான போடறேன்? காலுக்குக் கீழயா போடறேன்? நம்ம தலைக்கு மேலதான இருப்பாரு."

"வெயில்ல காஞ்சி வெளுத்துடும். மொதல்ல கண்ணுதான் போவும். தினம் பால் கறக்கறப்ப அண்ணாந்து பாத்துனு இருப்பியா?"

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற? பரண்ல போட்டா எலி கடிக்கும். செவுத்துல மாட்ட நம்ம வீட்ல அவ்ளோ பெரிய செவுரு ஏது? மாடு நனையுது, பொறந்த கன்னு நனையுது. இதுக்கு நீயே பதில் சொல்லு."

கலைச்செல்வி அமிர்தவல்லியைப் பார்த்தாள்.

"மூஞ்ச மட்டும் வெட்டிக் குடு அத்தே. பிரேம் போட்டு எடுத்துனு போயிடறேன்."

"கழுத்துல கத்திரி வெக்கச் சொல்றியா? எங்கண்ணன் கழுத்துல?"

கலைச்செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அமிர்தவல்லி இளவரசன் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா இன்னா சொல்றாங்க?"

"அம்மாவா? பேனரைக் கட்டுனதுலேர்ந்து அந்த முனைப் பக்கமே திரும்பல" என்றான் இளவரசன்.

அமிர்தவல்லி பேனரைத் தரையில் விரித்து, சுற்றி வந்து பார்த்தார். பிறகு எழுத்துக்குக் கீழே கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

"இதுக்குக் கீழ வெட்டினா அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது. உன் கூட்டாளிங்க மொத்த பேரையும் நீ எடுத்துனு போ. கண்ணாடி போட்டுனு மாட்டுக்குக் காவல் இருக்கட்டும்."

கலைச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுது வீங்கிய முகத்தில் அது புதிதாக இருந்தது.

"அது பத்தாது அத்தே" என்றான் இளவரசன்.

"பத்தாததுக்கு சிமென்ட் சாக்கு சேத்துத் தச்சித் தரேன். உக்காரு."

அன்று மதியமே அந்தக் கீழ்ப்பகுதியோடு பிரித்த சாக்குகளை இணைத்துத் தைத்து அவனை அனுப்பினார். மேல்பாதி மட்டும் அவரிடம் இருந்தது. நாளை சாயங்காலத்துக்குள் இதற்கு ஒரு வழி சொல்வதாகக் கலைச்செல்வியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். என்ன வழி என்று அப்போது அவருக்கே தெரியாது.

முகத்தை வெட்டக்கூடாது. வெயிலில் போடக்கூடாது. சுருட்டியும் வைக்கக்கூடாது. மடியில் பேனரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தகரக் கூரையில் நாலு தூறல் விழுந்தது. உடனே அவருக்குக் களம் ஞாபகம் வந்தது.

களத்தில் நெல் காயும்போது திடீரென்று மழை பிடிக்கும். எல்லோரும் தார்ப்பாயை இழுக்க ஓடுவார்கள். பொன்னுசாமி மட்டும் ஒரு வெறுஞ்சாக்கை எடுத்து, அடிமூலை ஒன்றை மற்ற மூலைக்குள் குத்தித் தள்ளுவார். சாக்கு தலையையும் முதுகையும் மூடும் கொங்காணியாகிவிடும். வாசலில் வேகவைத்த வேர்க்கடலை விற்கும் மனைவி ராஜாம்பாளின் தலையில் அதைப் போட்டுவிட்டுத்தான் தார்ப்பாய்க்கு வருவார்.

"நெல்லு நனையுது, பொண்டாட்டிக்குக் கொங்காணி போடறியாடா?" என்று மேஸ்திரி கத்துவார்.

"நெல்ல நாளைக்குக் காய வெச்சுக்கலாம் மேஸ்திரி. இவளுக்குச் சளி புடிச்சா எனக்கு நைட்டு சோறு இல்ல."

களமே சிரிக்கும். ராஜாம்பாள் முகத்தைக் கொங்காணிக்குள் இழுத்துக்கொள்வார். இப்போதும் அவர் கடலைதான் விற்கிறார், கோட்டைக்குப் போகும் வழியில், வெளியூர் வேன்கள் நிற்குமிடத்தில். மழை வந்தால் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்.

கொங்காணிக்கு எதையும் வெட்ட வேண்டியதில்லை. மடித்தால் போதும். அமிர்தவல்லி எழுந்து விளக்கைப் போட்டார்.

படம் உட்பக்கம் வர, பேனரைச் சரிபாதியாக மடித்து, மேல்விளிம்பையும் திறந்த பக்கத்தையும் தைத்தார். சாக்கு தயார். ஒரு மூலையை மற்றதற்குள் தள்ளிப் பார்த்தார். தலை வடிவம் அழகாக வந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினார். மூலையைத் தள்ளியதும் சாக்கின் நடுவில் விழுந்த மடிப்பு நேராகப் பொன்னுசாமியின் மூக்கின் மேல் விழுந்திருந்தது.

கை பழக்கத்தில் சரிபாதியாக மடித்துவிட்டது. எத்தனையோ வருஷம் சாக்கை மடித்த கை. சாக்குக்கு முகம் கிடையாது.

தையலைப் பிரித்தார். துணியில் பிரித்தால் துளை தூர்ந்துவிடும், பேனரில் தூராது. ஒவ்வொரு துளையிலும் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, சூடான கரண்டியின் அடிப்பாகத்தால் லேசாக ஒற்றினார். அதிகம் ஒற்றினால் பேனர் சுருங்கும். பிறகு செய்தித்தாளில் அதே அளவுக்கு ஒரு கொங்காணி செய்து, முகம் இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டு, வட்டம் முழுசாக ஒரு தோள்பக்கம் விழும்வரை மடிப்பை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். இரண்டு பக்கமும் சமமாக வராது, ஒருபக்கம் கொஞ்சம் நீளும். நீண்டால் நீளட்டும், முதுகுக்குத்தானே என்று முடிவு செய்தார்.

உச்சந்தலைப் பகுதிக்கு உள்ளே துணி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேதான் முதலில் கிழியும். அண்ணனின் பழைய துண்டு இருந்தால் அனுப்பச் சொல்லிக் கலைச்செல்விக்குப் போன் செய்தார். ஞாயிறு காலையில் துண்டோடு வந்தது ராஜாம்பாள். சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, மூட்டை அழுத்தி அழுத்தி நடுவில் மட்டும் நைந்தது.

"இன்னாத்துக்குக் கேட்ட?" என்றவர், தரையில் கிடந்த பேனரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க அண்ணி."

ராஜாம்பாள் உட்காரவில்லை. "மூஞ்சி அவருதுதான். அதுக்குக் கீழ இருக்கறவன் யாரு?"

அமிர்தவல்லி அப்போதுதான் அதைக் கவனித்தார். கழுத்துக்குக் கீழே நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, டை. பேனர்க் கடைக்காரப் பையன் செல்போன் படத்திலிருந்து முகத்தை எடுத்து, தன்னிடமிருந்த கோட்டில் வைத்திருந்தான்.

"கல்யாணத்துக்கே சட்டை பட்டன் போடாம வந்த மனுசன். யாரோ ஆபீசர் செத்துட்டாப்போல அந்த முனையில நிக்க வெச்சுட்டானுங்க. அந்த ஆள நான் எதுக்குப் போய்ப் பாக்கறது? புள்ளைங்க ரெண்டும் இதுக்குச் சண்ட போடுதுங்க. எனக்கு இது வேணாம் அமிர்தம். நீயே பை தச்சிக்கோ."

துண்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அமிர்தவல்லி வெகுநேரம் ஊசியைத் தொடவில்லை. ராஜாம்பாள் ஏற்காவிட்டால் இது யாருக்கும் இல்லாத பொருளாகிவிடும். கலைச்செல்வியும் சாயங்காலம் வெறுங்கையோடு போவாள்.

பிறகு துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டுப் பார்த்தார். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு. களத்தில் மூட்டை இல்லாத நேரத்தில் பொன்னுசாமி போட்டிருப்பது மாதிரி. டை மறைந்தது. கொஞ்சம் கீழே இழுத்தார். கோட்டும் மறைந்தது. உச்சந்தலைக்குத் தன் புடவையிலிருந்து துணி எடுத்துக்கொண்டு, துண்டை அங்கேயே வைத்துத் தைத்தார். தோள் இரண்டிலும் மட்டும் ஊசி. கழுத்துப் பக்கம் போகவில்லை. துண்டின் குஞ்சம் தைக்காமல் தொங்கும்படி விட்டார். அதற்குப் பிறகுதான் பேனரை மடித்து, ஓரங்களைத் தைத்தார்.

சாயங்காலம் மேகம் கறுத்திருந்தது. பிள்ளைகள் இருவரும் பைக்கில் வந்தார்கள். கலைச்செல்வி கொங்காணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே வெறும் வெள்ளை.

"கீழ வாய் தைக்கலியே அத்தே?"

"கொங்காணிக்கு வாய் தைக்க மாட்டாங்க. பாக்கணும்னா உள்ள தலைய விடு."

அவள் தலையை உள்ளே விட்டாள். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய், நைனா துண்டு போட்டுனு இருக்காருடா!"

"எங்க, நவுரு. நான் பாக்கறேன்." இளவரசனும் தலையை விட்டான். இரண்டு தலையும் உள்ளே, நான்கு கால் வெளியே. சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கலைச்செல்வி உள்ளேயே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"அம்மா வாங்கிக்குமா அத்தே?"

"தெரில. வா, கேக்கலாம்."

வேன்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. ராஜாம்பாள் மீதக் கடலையை மூடிக்கொண்டிருந்தார். அமிர்தவல்லி கொங்காணியின் வாயைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். ராஜாம்பாள் வேண்டாவெறுப்பாக எட்டிப் பார்த்தார். பார்த்தவர் உடனே நிமிரவில்லை.

"துண்டு கோணலா இருக்குது" என்றார் கடைசியில்.

"அண்ணன் என்னிக்கு நேரா போட்டாரு?"

ராஜாம்பாளின் தோள் குலுங்கியது. அது சிரிப்புதான் என்று பிறகுதான் தெரிந்தது. சேலைத் தலைப்பில் இரண்டு கையின் உப்பு ஈரத்தையும் துடைத்தார்.

"எந்தப் பக்கம் இருப்பாரு?"

"இடது தோள் பக்கம்."

அமிர்தவல்லி ஒரு மூலையை மற்றதற்குள் தள்ளி, உச்சியைத் தட்டிச் சரிசெய்து, ராஜாம்பாள் நீட்டிய கைகளில் அதை வைத்தார்.