மைனஸில் வந்த துண்டு

என் ஆய்வக மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க ஓர் எஃகுத் துண்டை வைத்திருக்கிறேன். விரல் நீளம்தான். சிவகாசியில் அச்சகங்களின் காகிதம் வெட்டும் கத்திகளுக்குச் சாணை பிடிக்கும் பட்டறை ஒன்றிலிருந்து வந்தது.

அது காலண்டர் சீசன். கத்தி முனை பொடிப்பொடியாக உதிர்கிறதென்று அச்சகக்காரர்கள் சண்டைக்கு வர, பட்டறை முதலாளி விருதுநகரில் எங்கள் கல்லூரிக்கு வந்தார். அவரிடம் சாணைக்காரர்கள் இருவர். ஒருவர் வேகம், மற்றவர் படு நிதானம். ஒரே எஃகில் ஆளுக்கொரு துண்டு தீட்டிக் கொடுத்திருந்தார்கள். "மெதுவாத் தேய்க்கவரு மேலதான் எனக்குச் சந்தேகம் மேடம். ஒரே இடத்துல நாள் பூரா தேய்க்காரு. பாத்துச் சொல்லுங்க, ஆளை நிப்பாட்டிருதேன்" என்றார்.

சாணை பிடித்த பரப்புக்குள் ஓர் இழுப்போ அமுக்கமோ தங்கிவிடும், தகைவு என்போம், கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் துண்டைச் சாய்க்கச் சாய்க்க, அணு வரிசைகளின் இடைவெளி அகன்று தெரிந்தால் பரப்பு இழுபட்டுக் கிடக்கிறது என்று பொருள். எளிதில் விரிசல் விடும். அதற்குக் கூட்டல் குறி. இடைவெளி குறுகினால் அமுங்கியிருக்கிறது, நல்லது, கழித்தல் குறி. வேகக்காரர் துண்டு கூட்டலில் வந்தது, நிதானக்காரருடையது கழித்தலில். எண்களை மட்டும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். விளக்கம் எழுதச் சோம்பல்.

மறுநாள் காலை முதலாளியின் போன். "நெனச்சது சரியாப் போச்சு மேடம், மைனஸ்ல வந்திருக்கே! நாளைலருந்து வர வேண்டாம்னுட்டேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த பஸ்ஸில் சிவகாசிக்கு ஓடினேன். முதலாளிக்கு ரப்பர் துண்டை இழுத்தும் அமுக்கியும் காட்டிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "அய்யய்யோ, தப்பாச் சொல்லிட்டேனே" என்று, வேலையில் இருக்கச் சொல்ல அவரே உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

நிதானக்காரர் கடைசி நாள் வேலையை முதலாளிக்கு முகம் கொடுக்காமல் செய்துகொண்டிருந்தார். பக்கத்து இயந்திரத்தில் பொறி மழையாகக் கொட்டியது. இவருடையதில் ஒரு பொறிகூட இல்லை, தண்ணீர்தான் கொட்டியது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேன்.

"முன்னால தாயில்பட்டியில பட்டாசுக்கு மருந்து அடைக்கிற ரூம்ல வேலை பாத்தேன்மா. பொறியக் கண்டா இன்னும் பயந்தான். தண்ணிய நிறைய விட்டு லேசாத் தொட்டா பொறி வராது. அம்புட்டுத்தான்."

பொறி பறக்கும் சூட்டில்தான் பரப்பு இழுபடும், அந்தச் சூடு ஏறாததால்தான் உங்கள் துண்டின் பரப்பு நன்றாக அமுங்கியிருக்கிறது என்றேன். தண்ணீரை அடைத்துவிட்டுத் திரும்பினார். "அப்ப என் பயந்தான் அந்தத் துண்டுக்குள்ள இருக்குதாம்மா?"

ஆமாம் என்றேன்.

இப்போது அங்கே இரண்டு இயந்திரங்களும் அவர் முறையில்தான் ஓடுகின்றன. நானும் விளக்கமில்லாமல் யாருக்கும் எண் அனுப்புவதில்லை. அவர் தீட்டிய துண்டுதான் என் மேசையில் இருக்கிறது. அவர் பயம் இன்னும் அதற்குள் அமுங்கிக் கிடக்கிறது.