கொண்டிக்குக் கட்டம் இல்லை

என் மகளுக்கு மாதம் ஒரு முறை வயிற்று வலி வரும். அதோடு ஆலோசனை சொல்ல அயலட்டைச் சனமும் வரும். ஒருவர் உளுத்தங்களி என்றார். இன்னொருவர் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் என்றார். என் அலுவலகத்தில் கதிரையை விட்டு எழும்பாத ஒருவர், இந்தக் காலத்துப் பிள்ளைகள் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதில்லை என்றார். நான் படித்தவள். ஆகவே எல்லாவற்றையும் செய்துவிட்டு, கைபேசியில் ஆராய்ச்சிகளையும் வாசித்தேன். மீன் நல்லது என்றன அவை. அந்த நாட்களில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கூடாது என்றார் மாமியார். இரு தரப்பையும் பகைக்காமல், மற்ற நாட்களில் இரட்டிப்பாக மீன் கொடுத்தேன்.

போன மாதம் ரியூசன் வகுப்பில் அவள் மயங்கி விழுந்தாள். முல்லைத்தீவில் இருக்கும் என் அலுவலகத்திலிருந்து கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில் எப்படி வந்தேன் என்று இன்றும் தெரியாது. வாசலில் கொழுத்த நாய் ஒன்று என் கைப்பையை மோந்து வாலை ஆட்டியது. உள்ளே மர வாங்கில் படுத்துக் கிடந்தவளின் உதடு வெளுத்திருந்தது.

வைத்தியர் மருந்து தந்துவிட்டு, “வெறும் வயித்தோட விடாதேங்கோ” என்றார். எனக்குக் கோபம் வந்தது. வெறும் வயிறா? என் பிள்ளையா?

அடுத்த கிழமை, உணவுக்கும் மாதவிடாய் வலிக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். சல்மன் மீன் கிழமைக்கு எத்தனை தரம் என்று கேட்டது படிவம். இரணைமடுவில் பிடிபடும் மீனுக்கு அதில் கட்டம் இல்லை.

“வெளிநாட்டுப் படிவம் அன்ரி, குறை நினைக்காதேங்கோ. காலமைச் சாப்பாடு என்ன?”

“புட்டும் முட்டையும். நான் விடிய எழும்பிக் கட்டிக் குடுத்து விடுறனான்.”

“அன்ரி, தங்கச்சி சொல்லட்டும்.”

மகள் நிலத்தைப் பார்த்தாள். “அதை ரியூசன் நாய்க்குப் போடுறனான்.”

மாணவிதான் ஏன் என்று கேட்டாள்.

“அங்க கக்கூசுக் கதவுக்குக் கொண்டி இல்லை, அக்கா. உள்ளால பூட்டேலாது. சாப்பிட்டுத் தண்ணி குடிச்சாப் போகவேண்டி வரும். அந்த நாளில எண்டா இன்னும் கஸ்ரம். அதான் ஒண்டும் வாயில வைக்கிறேல்லை.”

“எனக்கேன் சொல்லேல்லை?” என்றேன்.

“நீங்கள் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தானே கேக்கிறனீங்கள், அம்மா.”

மாணவி எல்லாப் பக்கங்களையும் புரட்டினாள். கொண்டிக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் ரியூசன் நடத்துபவரிடம் போனேன். அவருடைய அறைக் கதவில் இரண்டு பூட்டுகள் இருந்தன.

“பொம்பிளைப் பிள்ளையளின்ர சாப்பாட்டைக் கவனியுங்கோ, அக்கா. வடிவாச் சாப்பிட்டா உந்த மயக்கமெல்லாம் வராது.”

“ஓம்” என்றேன். கைப்பையிலிருந்து கொண்டியையும் ஆணிகளையும் சுத்தியலையும் எடுத்தேன். கக்கூசுக்குப் பக்கத்தில் இரசாயன வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் ஆணியையும் தேவைக்கு மேலாகவே அடித்தேன்.

இந்த மாதமும் வலி வந்தது. மருந்து குடித்து அரைநாள் சுருண்டு கிடந்தாள். ஆனால் மயங்கவில்லை. எழும்பி ரியூசனுக்குப் போனாள்; சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாக வந்தது. அது முன்பும் அப்படித்தானே வந்தது? மனம் கேட்கவில்லை. மறுநாள் அவளை ஏற்றிவரப் போனபோது நாயைத் தேடிப் பார்த்தேன். விலா எலும்பு தெரிந்தது. என்னைக் கண்டதும் குரைத்தது.