பஸ்ஸில் தப்பிய கொசுக்கள்

போன மழைக்காலத்தில், அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் நடந்தது இது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். முந்திரிக்காட்டில் வேலை இல்லாத மாதங்களில், ஆண்டிமடம் பக்கத்து ஊர்களில் கொசு ஆராய்ச்சி செய்யும் குழுவுக்கு உதவியாளாகப் போகிறேன். வீடு வீடாகத் தொட்டி, டிரம், பழைய டயர் என்று பார்த்து, தண்ணீரில் நெளியும் புழுக்களை டப்பாவில் பிடித்துக்கொண்டு போய்ப் பெரம்பலூர் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். எந்த மருந்துக்கு அவை சாகின்றன, எதற்குச் சாகவில்லை என்று அங்கே பார்ப்பார்கள்.

எனக்குக் கூச்சம் அதிகம். இறங்கும் இடத்தில் நிறுத்தச் சொல்ல வாய் வராமல், அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தவன் நான். இந்தப் புழுக்களால் ஆபத்து உண்டா என்று குழுவை நடத்தும் எங்கள் மேடத்திடம் கேட்கப் பலமுறை நினைத்திருக்கிறேன். படித்தவர்களிடம் அசட்டுத்தனமாக எதையாவது கேட்டுவைப்பானேன் என்று விட்டுவிடுவேன்.

அந்த முறை மழையால் கிளம்ப ஒரு நாள் தாமதமாகிவிட்டது. மூடியை இறுக்கியே வைத்திருந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடுமே என்று, மூடிகளைக் கழற்றிவிட்டு வலைத்துணி போட்டு ரப்பர் பேண்டால் கட்டினேன். ஒயர்க்கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். முன் சீட்டில் ஒரு பெண். அவள் தோளில் கிடந்த கைக்குழந்தை என்னைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்துக்கொண்டே வந்தது.

சிமெண்ட் லாரிகள் ஓடி ஓடிக் குழியான ரோடு. ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. கூடைக்குள் பார்த்தேன். ஒரு டப்பாவின் துணி விலகிக் கிடந்தது. உள்ளே புழுக்களைக் காணோம்; தாமதமான அந்த ஒரு நாளில் கொசுவாகிவிட்டிருந்தன. காலில் வெள்ளைப் பட்டை போட்ட கொசுக்கள் தண்ணீர்மேல் நின்று, ஒவ்வொன்றாக எழும்பிப் பறந்துகொண்டிருந்தன. நான் கையால் பொத்துவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. ஒன்று குழந்தையின் குல்லாவில் போய் உட்கார்ந்தது.

அந்தப் புழுக்களைப் பிடித்ததே டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவர் வீட்டுத் தொட்டியில். யாரும் பார்க்கவில்லை. பேசாமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

"இந்தாம்மா, புள்ளையப் போத்து. என் டப்பாலேருந்து கொசு வெளிய வந்துடுச்சு" என்றேன். குரல் எழும்பவில்லை. இரண்டாம் முறை கத்தியேவிட்டேன்.

"கொசுவுக்கு டிக்கெட் எடுத்தீங்களாண்ணே?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. "எங்க வூட்டுல இல்லாத கொசுவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டெங்கு ஆராய்ச்சிக்குக் கொண்டுபோகிற கொசு என்று நான் சொன்னதும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார். எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். கண்டக்டர் துண்டை வீசிக் கொசு விரட்டினார்.

மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததைக் கேட்டதும் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள்.

"பயப்படாதீங்கண்ணே. இப்பத்தான் பொறந்த கொசு, ஒடனே கடிக்காது. ஆண் கொசு கடிக்கவே கடிக்காது. காய்ச்சல்காரங்களக் கடிச்ச கொசுதான் மத்தவங்களுக்கு நோயக் குடுக்கும். முட்டையிலேயே நோயோட பொறக்குறது ரொம்ப அபூர்வம்."

"அபூர்வம்னா, இல்லவே இல்லன்னு அர்த்தமா மேடம்?"

வேலைக்குச் சேர்ந்து நான் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி அது. "இல்லவே இல்லன்னு சொல்ல முடியாதுண்ணே. ரெண்டு வாரம் புள்ளையப் பாத்துக்கச் சொல்லுங்க. காய்ச்சல் வந்தா ஒடனே எனக்குச் சொல்லுங்க" என்றார்கள்.

அந்தப் பெண் என் நம்பரை வாங்கிக்கொண்டாள். "புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, ஒங்கள சும்மா வுட மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அடுத்த நாட்களில் சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே அவளாக இருக்குமோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். மேடம் சொன்ன இரண்டு வாரமும் தாண்டி, கொஞ்சம் மூச்சு விடலாம் என்றிருந்தபோது புது நம்பரிலிருந்து அழைப்பு. அவள்தான்.

"புள்ள எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"அவனுக்கென்ன, ஒரு எடத்துல கெடக்க மாட்டேங்குறான். அண்ணே, எங்க வூட்டுத் தொட்டியில புழு நெளியுது. முன்னெல்லாம் கண்டுக்க மாட்டோம். இப்ப பாத்தாலே பயமா இருக்கு. என்ன பண்றது?"

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டுத் துணி கட்டி மூடணும் என்று சொன்னேன். அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பேசி முடித்துத் திரும்பினால், நான் இவ்வளவு பேசிப் பார்த்திராத என் மனைவி கையில் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்றைக்கும் தெரியாத நம்பர் அழைத்தால் நெஞ்சு ஒருமுறை திக்கென்கிறது. அந்தப் பக்கமும் என்னைப்போல யாரோ பயந்துகொண்டுதான் கேட்க வருகிறார்கள் என்று நினைத்து எடுத்துப் பேசிவிடுகிறேன்.