எதைச் செய்யாமல் இருந்தால் தண்ணீர் ஏறாது?

கோர்ட்டில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மலேசியாவில், ஈப்போவில் இருக்கிறேன். யாராவது கேட்டால் இப்போதும் மலாயிலிருந்து தமிழுக்கு எழுதிக் கொடுப்பேன். மருந்துக் குறிப்பு, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை என்று ஏதாவது வந்துகொண்டிருக்கும். அப்படித்தான் போன வருடம் ஒரு கையேடு வந்தது. பழைய தோட்டங்களில் இருப்பவர்களுக்குப் பருவநிலை மாற்றத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல ஒரு தன்னார்வக் குழு தயாரித்தது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வாக்கியம்: கோவிட்டை ஒன்றுசேர்ந்து வென்றோம், பருவநிலை மாற்றத்தையும் அப்படியே வெல்வோம்.

எனக்கு அது பிடித்துப்போனது. காரணம் உண்டு. நடமாட்டக் கட்டுப்பாடு வந்த இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, காலையில் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தபோது எதிரே இருக்கும் சுண்ணாம்பு மலை பக்கத்தில் நகர்ந்து வந்ததைப் போல இருந்தது. அதில் ஒட்டிக்கொண்டிருந்த மரங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. ஒரு உத்தரவில் ஊர் முழுக்க நின்றது, வானமே தெளிந்துவிட்டது. அப்படி நிறுத்த முடிந்தவர்களால் இதையும் நிறுத்த முடியாதா என்று அன்றைக்கே தோன்றியது. அதனால் அந்த வாக்கியத்தை மூன்று தடவை மாற்றி எழுதி, நல்ல ஓசையோடு தமிழில் கொண்டுவந்தேன்.

கையேடு அச்சாகி வந்ததும், கூட்டத்துக்கு நானும் வந்து வாயால் மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார்கள். குழுவிலிருந்து ஒரு மலாய்ப் பெண் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். என் மகள் வயதுதான் இருக்கும். சுற்றுச்சூழல் படித்தவள். நெடுஞ்சாலையில் தெற்கே போய், சுங்காய்க்கு வெளியே ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பினோம். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து பல வருடம் ஆகிறது. ஆனாலும் ஒரு வரிசை லயத்து வீடுகளில் குடும்பங்கள் இருந்தன. கோயிலை ஒட்டிய மண்டபத்தில் முப்பது பேர்போல உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி.

அந்தப் பெண் நன்றாகவே பேசினாள். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் பக்கத்து வாக்கியம் வந்தபோது கொஞ்சம் குரலை உயர்த்தியும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர் என்று பிறகு தெரிந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா? கோவிட் மாதிரியேன்னு சொல்றாங்களே, அப்ப ரோட்ட மூடுனாங்க. இந்தத் தடவ எத மூடுவாங்க?”

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“எங்க அக்கா காம்பார் டவுன்ல இருந்துச்சு. கோவிட்லதான் செத்துப்போச்சு. சாவுக்கு இத்தன பேருதான் வரலாம்னு சொல்லிட்டாங்க. அது பிள்ளைங்க, மருமகனுங்கன்னு ஆளு கணக்கு முடிஞ்சிருச்சு. நான் இதே மண்டபத்து வாசல்ல உக்காந்து போன்ல பாத்தேன். நான் குறை சொல்லல அக்கா. அப்ப அது சரிதான். நான் வீட்டுல கெடந்தா இன்னொருத்தன் பொழைப்பான், அது எனக்கு வெளங்குச்சு. இப்ப எங்க வீட்டுக்குள்ள தண்ணி வருது. நான் எதச் செய்யாம இருந்தா தண்ணி ஏறாது? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

கோர்ட்டில் நாங்கள் முதலில் கற்றுக்கொள்வது, சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும் என்பதுதான். சாட்சி கூண்டில் அழுதாலும் திட்டினாலும் அதை பூசி மெழுகக்கூடாது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஆசை வந்தது. ‘இவர் தன் அக்காவை இழந்தவர், வெள்ளத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்’ என்று சுருக்கிவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சங்கடம் இருக்காது. எனக்கும்தான், அந்த வாக்கியத்துக்கு ஓசை சேர்த்தவளே நான் அல்லவா? ஒரு மூச்சு தயங்கினேன். பிறகு போன், மண்டபத்து வாசல், கடைசிக் கேள்வி எல்லாவற்றையும் மலாயில் அப்படியே சொன்னேன்.

அந்தப் பெண் கையேட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியல, அண்ணே,” என்றாள். அந்த ‘அண்ணே’யை மட்டும் தமிழிலேயே சொன்னாள். “நீங்க தனியா எதை நிறுத்தினாலும் இங்க தண்ணி குறையாது. அதுதான் உண்மை. தண்ணி வந்தா இப்ப என்ன செய்றீங்க, அதைச் சொல்லுங்களேன்.”

அதற்குப் பிறகு கூட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஐஸ்பெட்டியை எதன்மேல் தூக்கி வைப்பது, ஓடை மேல்பக்கத்தில் இருப்பவர்கள் வாட்சாப்பில் எப்போது சொல்வார்கள், ரோட்டுக்கு அடியில் போகிற குழாய் எவ்வளவு சின்னது என்று வந்துகொண்டே இருந்தது. என் வாய்க்கு ஓய்வில்லை.

கூட்டம் முடிந்து மீகூன் சாப்பிட்ட பிறகு லோரிக்காரர் எங்கள் இருவரையும் ஓடைக்குக் கூட்டிப்போனார். வழியில் தன் வீட்டு வெளிச்சுவரைக் காட்டினார். ஆணியால் கீறிய கோடுகள் ஏழெட்டு இருந்தன. எந்தக் கோடு எந்த வருடம் என்று கேட்டேன்.

“வருசம்லாம் தெரியாது அக்கா. இது எங்க மவன் பாரம் த்ரீ படிக்கிறப்ப. இது கோவிட்டுக்கு முன்னால. இது போன தடவ.”

போன தடவையின் கோடுதான் எல்லாவற்றுக்கும் மேலே, ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. முன்பெல்லாம் இப்படி மழை கொட்டியதில்லை என்றார். அதே மூச்சில், செம்பனையை வெட்டிவிட்டு மறுபடி நட்டபோது மண் கரைந்து ஓடையில் இறங்கியதையும், குழாயில் மட்டைகள் அடைத்துக்கொள்வதையும் சொன்னார்.

“அப்போ இது பருவநிலையா, மண்ணா, குழாயா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வம்புக்கு அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

“மூணும்தான். மழை கனத்துட்டு வருது, அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா இந்தச் சுவத்துல இவ்வளவு அதனால, இவ்வளவு இதனாலன்னு என்னால பிரிச்சுக் காட்ட முடியாது.”

மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து ஒரு கோடா இரண்டு கோடா என்று சொல்லிவிடக்கூடிய விஷயமாக இது இல்லை. கோவிட்டில் பரப்பிய ஆள் இருந்தார், அவருக்குப் பக்கத்தில் நின்றவர் இருந்தார், பதினான்கு நாள் தனிமை இருந்தது, கடைசியில் ஊசியும் வந்தது. இங்கே புகை விடுபவர் எங்கோ இருக்கிறார், தண்ணீர் வருகிற வீடு இங்கே இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று கணக்கும் இல்லை. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியாததா? தெரியும். ஆனால் தெரிந்ததையெல்லாம் அந்த அழகான வாக்கியம் மூடி வைத்திருந்தது.

திரும்பும்போது காரில் அவளிடம் இதைச் சொன்னேன். அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

“கோவிட்னு சொன்னாத்தான் ஆண்ட்டி ஜனங்க நிமிர்ந்து பாக்கிறாங்க. நாடே ஒரே நாள்ல மாறுச்சே, அத நாம கண்ணால பாத்தோம். முடியும்னு காட்ட எங்கிட்ட வேற என்ன இருக்கு?”

அதிலும் நியாயம் இருந்தது. சிலிம் ரிவர் பக்கமெல்லாம் போக வேண்டிய அடுத்த கூட்டங்களைப் பற்றிக் கொஞ்ச தூரம் பேசினோம். ஈப்போ நெருங்கும்போதுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. “அப்போ நாம நிறுத்தினோம், மூடினோம். திறந்ததும் எல்லாம் பழையபடி வந்துருச்சு. அந்தக் குழாயை அகலமாக்கணும், கரண்ட்டைப் புகையில்லாம எடுக்கணும், அதெல்லாம் செய்ற வேலை, வருசக்கணக்கா செய்ற வேலை. நிறுத்தப் பழகினது செய்றதுக்கு உதவுமான்னு எனக்குத் தெரியல. நீ கண்டுபிடிச்சாச் சொல்லு.” அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

கையேடு இரண்டாம் தடவை அச்சானபோது மலாய்ப் பதிப்பில் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது. மேலே இருப்பவர்கள் எடுக்கக் கூடாது என்றார்களாம். தமிழில் மட்டும் அந்தப் பெண் அதை எடுத்துவிட்டு, லோரிக்காரரின் கேள்வியை அவர் அனுமதியோடு போட்டாள். குழாயை மாற்றக் கேட்டு நாங்கள் இருவரும் அவருமாக வடிகால் இலாகாவுக்கு ஒரு கடிதமும் எழுதினோம். ஆள் வந்து அளந்துவிட்டுப் போனதாக அவர் போனில் சொன்னார். இதுவரை வேலை தொடங்கவில்லை.

போன மாதம் சிலிம் ரிவர் பக்கத்தில் இன்னொரு தோட்டத்துக்குப் போனோம். இந்தத் தடவை அந்தப் பெண் எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை. முதலில் நீங்கள் பேசுங்கள் என்று உட்கார்ந்துவிட்டாள். பிறகு, செம்பனைக்கு உரம் போடும் ஒரு அம்மா, பதினோரு மணிக்கு மேல் வெயிலில் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, முன்பெல்லாம் ஒரு மணி வரைக்கும் தாங்கும் என்றார்.

“அது எப்படி வருது, சொல்லுங்கக்கா,” என்றேன்.

“மொதல்ல காதுல ஒரு சத்தம் கேக்கும்லா,” என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.